கண்ணாடித் தொட்டியில் ஒரு பவளம்: அருளா, கடனா?

மூளை இல்லாத, இடம்பெயர்ந்து தப்ப வழியில்லாத, மனிதர் வலி என்று சொல்வதை உணர்கிறதா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாத ஓர் உயிர், வீட்டுக் கூடத்தின் கண்ணாடித் தொட்டிக்குள் நோயுற்று வெளிறத் தொடங்கும்போது, அதைப் பிழைக்கவைக்க ஒருவர் படும் பாட்டை அறவியல் எந்தக் கணக்கில் எழுதும் என்பது எளிதில் தீராத கேள்வி. விலை கொடுத்து வாங்கிய பொருள் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் முயற்சி என்று சிலர் அதை ஒதுக்கிவிடுவர். சிற்றுயிர்க்கும் இரங்கும் அருள் என்று வேறு சிலர் போற்றுவர். இரண்டும் போதாதவை. பவளத்தைக் கடலிலிருந்து பிரித்துத் தொட்டியில் வைத்தவர் அந்தக் கணம் முதல் அதற்குக் கடலின் இடத்தில் நிற்கிறார் என்பதும், அவர் செய்யும் பணிவிடை மனமிரங்கி வழங்கும் கொடையாகாமல் பட்ட கடனைத் தீர்ப்பதாகிறது என்பதுமே இங்கு நிறுவ முயலப்படும் கருத்து.

பவளம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது மோதிரத்தில் பதிக்கப்படும் சிவப்பு மணி. அது மத்தியதரைக் கடலில் வளரும் வேறொரு குலத்து உயிரின் உள்ளெலும்பு. ரீஃப் டேங்க் என்று ஆர்வலர்கள் வழங்கும் பவளத்தொட்டியில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது, வெப்பக் கடல்களின் ஒளி புகும் ஆழமற்ற நீரில் திட்டுகளை எழுப்பும் கல்பவளம். ஒரு வாயும் அதைச் சூழ்ந்த உணர்கொம்புகளும் மட்டுமே உடைய, பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே சதைப்படலத்தால் இணைந்து, தமக்கடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே செல்வதால் உருவாவது அது. பாலிப்பின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்னும் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை, சிலவற்றில் 90 விழுக்காடு வரை, வழங்குகின்றன; பவளத்தின் கழிவு அந்தப் பாசிகளுக்கு உரமாகிறது. ஆகவே ஒரு பவளம் நோயுற்றது என்று சொல்லும்போதே, நோயுற்றது ஓர் உயிரா, பல உயிர்களா, அல்லது உயிர்களுக்கிடையேயான ஓர் உறவா என்ற ஐயம் உடன் எழுகிறது.

இந்த ஐயம் பழமையானது. கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் பவளத்தைக் கற்களைப் பற்றிய தம் நூலில் வைத்துப் பேசினார். சமணரின் உத்தராத்யயன சூத்திரம் அதை மண்ணுடல் கொண்ட உயிர்களின் வரிசையில், வைரம், அரிதாரம், உப்பு முதலியவற்றோடு சேர்த்தது. கல்லென்று கண்ட அதே வேளையில் அக்கல்லுக்கும் உயிருண்டு என்று அந்நூல் கொண்டதை இங்கே மறந்துவிடலாகாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான மார்சிக்லி, கடல்நீரில் வைத்த பவளத்தின் மேல் எட்டு இதழ்கள் விரிவதைக் கண்டு, அது பூக்கும் செடி என்று முடிவுகட்டினார். மார்சேயைச் சேர்ந்த மருத்துவர் பேசொனெல் அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் அந்தப் பூக்களைத் தொட்டும் சூடேற்றியும் ஆராய்ந்து, அவை இரையுண்ணும் விலங்குகள் என்று அறிவித்தபோது, பாரிசின் அறிவியல் கழகத்தில் அக்கருத்தை எடுத்துரைத்த ரேயோமூர் அதை நம்பவில்லை. கூறியவரின் பெயர் கேலிக்கு உள்ளாகக் கூடாதென்று அப்பெயரையே மறைத்தார். 1740களில் டிரெம்ப்ளி, செடிபோல் தோன்றும் நன்னீர் ஹைட்ரா விலங்கே என்று காட்டிய பிறகே பேசொனெல் சொன்னது மெய்யென்று ஏற்கப்பட்டது. ஓர் உயிர் கல்லாகவும் செடியாகவும் விலங்காகவும் அடுத்தடுத்துக் கருதப்பட்ட இந்த வரலாற்றில் பவளம் சற்றும் மாறவில்லை; அதற்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது பற்றிய மனிதரின் எண்ணம்தான் ஒவ்வொரு முறையும் மாறியது.

உயிர்களைப் புலனறிவின் அளவுகொண்டு படிநிலைப்படுத்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமே உடைய ஓரறிவு உயிர்களாகவும், சங்கு, நத்தை முதலியவற்றைச் சுவையும் கூடிய ஈரறிவு உயிர்களாகவும் கொண்டு, மனத்தை ஆறாவது அறிவாகச் சேர்த்து மனிதரில் முடிக்கிறது. பவளம் அங்கே பேசப்படவில்லை. தொட்டால் சுருங்கி, நீரில் கரைந்த இரையின் சுவையறிந்து கொம்புகளை நீட்டும் பாலிப் இன்றைய அறிவின்படி ஈரறிவின் பக்கமே நிற்கும். மேற்கின் அறவியலும் வேறொரு கோட்டைத் தேடியது. பீட்டர் சிங்கர் 1975இல் வெளியிட்ட நூலில், துன்பத்தை உணரும் ஆற்றலே அறக்கணக்கில் இடம்பெறும் தகுதி என்று வாதிட்டு, அந்தக் கோட்டை இறாலுக்கும் சிப்பிக்கும் இடையே எங்கோ வரையலாம் என்று கருதினார். பாலிப்பில் மூளை கிடையாது. உடலெங்கும் பரவிய நரம்புவலை மட்டுமே உண்டு. அந்தக் கோட்டின்படி பவளம் கணக்குக்கு வெளியே விழுகிறது. எனினும் படிநிலைகள் எந்த உயிரை முதலில் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஓரளவு உதவுமே தவிர, யார் காக்க வேண்டும் என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. தொட்டிப் பவளத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

கிளேர் பாமர் 2010இல் எழுதிய விலங்கு அறவியல் நூல் இந்த இரண்டாவது கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறது. காட்டில் தன்போக்கில் வாழும் விலங்குக்குத் தீங்கு செய்யாதிருத்தல் கடமை. அதன் பசியையும் நோயையும் தேடிச்சென்று போக்குவது கடமையாகாது. ஆனால் மனிதர் தம் செயலால் எந்த உயிரைத் தம்மைச் சார்ந்து நிற்கும்படி ஆக்கினரோ, அந்த உயிருக்கு உதவும் கடமை அந்தச் செயலிலிருந்தே பிறக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பாமர் உணர்வுள்ள விலங்குகளை மனத்தில் கொண்டே இதைச் சொன்னார். பவளம் வரை அதை நீட்டுவது இக்கட்டுரையின் துணிபு. நீட்டுவதற்கு ஒரு பாலம் தேவைப்படுகிறது. அதை 1986இல் மெய்யியலாளர் பால் டெய்லர் அமைத்துத் தந்திருக்கிறார்: ஓர் உயிருக்கு உணர்வு இல்லாவிடினும் அதற்கென்று ஒரு நலம் உண்டு, அது தழைக்கவும் நலியவும் கூடும், ஆகவே அதற்கு இழைக்கப்பட்டதை ஈடுசெய்யும் பொறுப்பும் உண்டு என்பது அவர் கொள்கை. தழைப்பதும் நலிவதும் பவளத்துக்கு உண்டு என்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது.

சார்ந்து நிற்றல் என்பது இங்கே எவ்வளவு முழுமையானது என்பதை உணர, தொட்டி நடக்கும் விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைத்துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டு பவளத்தையும் மீனையும் சேர்த்து வளர்த்த முறையை எழுதியபோது, அவருக்கு அருகிலேயே கடல் இருந்தது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்றைய தொட்டியில், கடல் செய்தவை அனைத்தையும் ஒருவர் செய்தாக வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால், ஒவ்வொரு நாளும் ஆவியான அளவுக்கு உப்பற்ற தூயநீரைச் சேர்த்தால்தான் ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு என்ற கடலின் அளவு நிலைக்கும். கூட்டைக் கட்டப் பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அவற்றை அளந்து ஊற்ற வேண்டும். அலையின் வேலையை மோட்டாரும், சூரியனின் வேலையை நீலம் கலந்த எல்ஈடி விளக்கும், வெப்பநிலையை மாறாமல் காக்கும் பெருநீரின் வேலையை ஹீட்டரும் குளிரூட்டியும் செய்கின்றன. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் நீரின் ஆக்சிஜன் குறைந்து தொட்டி முழுவதும் மடியலாம். இத்தகைய சார்புநிலையை ஒருவர் தம் விருப்பத்தினால், பெரும்பாலும் அழகைக் கண்டு மகிழ்வதற்காக, உண்டாக்கியிருக்கிறார். வள்ளலார் சீவகாருணியத்தை, எல்லா உயிர்களும் ஆன்ம இயல்பால் ஓரினம் என்ற உறவுரிமையின் மேல் நிறுத்தினார். அந்த உரிமை எவரும் எவ்வுயிர்க்கும் உருக இடந்தருகிறது. தொட்டி வைத்தவருக்கோ, உருகினாலும் உருகாவிட்டாலும் விடாத வேறொரு கட்டு இருக்கிறது. அதை உண்டாக்கியது அவர் செயல்.

கடனாக எண்ணுவதற்கும் அருளாக எண்ணுவதற்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு விளைகிறது. அருள் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள எதையாவது செய்ய விரும்பும். நோயுற்ற பவளத்துக்கு நேரும் பெருந்தீங்கு பல வேளைகளில் இந்த விருப்பத்திலிருந்தே வருகிறது. வெளிறிய பவளமும் இறந்த பவளமும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெண்மையாகவே தெரியும். வெளிறியதில் பாசிகள் நீங்கி, கண்ணாடி போன்ற திசு எலும்பின்மேல் இன்னும் படர்ந்திருக்கிறது. இறந்ததில் திசுவே உரிந்து வெற்றெலும்பு நிற்கிறது. முன்னதற்கு வேண்டியவை குறைந்த ஒளி, நிலையான வெப்பம், மிதமான நீரோட்டம், உணவூட்டும் பாசி இல்லாத காலத்துக்குச் சிறிதளவு நுண்ணிறால் குஞ்சு, பிறகு வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் பொறுமை. இந்த நிலையில் வளர்ப்பவர் பதறி ஒரே நாளில் விளக்கைக் கூட்டி, மருந்தை ஊற்றி, இடத்தை மாற்றி, நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடுகிறார். காரத்தன்மை என்பது கூடு கட்டப் பயன்படும் பைகார்பனேட்டின் அளவைக் காட்டும் எண். தொட்டிகளில் அது ஏறக்குறைய 7 முதல் 9 டிகிரிக்குள் வைக்கப்படுகிறது, ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்தலாகாது என்பது பரவலான வழக்கு. ஓர் எண் தன்னளவில் சரியாக இருப்பதைவிட மாறாமல் இருப்பது பவளத்துக்கு முக்கியம். கடன்பட்டவர் தம் மனத்தின் அமைதியைத் தேடுவதில்லை. எதிரில் இருப்பவருக்கு உரியது எதுவோ அதைத் தருகிறார். பவளத்துக்கு உரியது பல நேரங்களில் ஒரு மாற்றமும் இல்லாத நீர். செயலின்மையும் ஒரு வினை என்பதை இந்தியச் சமயங்கள் பலவும் பேசியிருக்கின்றன என்றாலும், அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றாமல் நிற்பதன் கடினத்தைத் தொட்டியின் முன் நின்றவரே முழுதாக அறிவர்.

எல்லா நோயும் பொறுமைக்குக் கட்டுப்படுவதில்லை. மான்கொம்புப் பவளத்தில் அடியிலிருந்து திசு உரியத் தொடங்கினால், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கிளை முழுதும் வெற்றெலும்பாகிவிடும். அப்போது உரிந்த எல்லைக்கு மேலே, இன்னும் உயிருள்ள நுனியைக் கத்தரித்து, பசையால் சிறு பீங்கான் வில்லையில் ஒட்டிவைப்பது ஒன்றே வழி. ஃபிராக் எனப்படும் அந்தத் துண்டு பிழைத்தால் புதிய கிளையாக வளரும். இங்கே பிழைத்தது எது? மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில் துறவி நாகசேனர் தேரைக் காட்டி மன்னனுக்கு விளக்கிய கருத்தின்படி, உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயரே பவளம். அதற்கு அப்பால் ஒரு தானென்பது இல்லை. சமணர் நிகோதம் என்று கூறும் நிலையில் எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து, சேர்ந்தே மூச்சுவிட்டு, சேர்ந்தே உண்கின்றன. பாலிப்புகளின் கூட்டத்துக்கு இதைவிட நெருங்கிய பழங்கருத்தைக் காண்பது அரிது. பவளமோ தன்னளவில் ஒரு விடை வைத்திருக்கிறது. ஒரே பவளத்திலிருந்து வெட்டிய இரு துண்டுகளை அருகருகே வைத்தால் அவை எல்லை கரைந்து ஒன்றாகிவிடுகின்றன. வேறொரு பவளத்தின் துண்டை வைத்தால், குடற்படல இழைகளை வெளியே நீட்டி அதன் திசுவைச் செரித்துப் போராடுகின்றன. தன்னையும் பிறரையும் வேறுபடுத்தி அறியும் திறன், மூளையே இல்லாத உயிரிலும் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. புயலில் உடைந்த கிளைகள் மீண்டும் ஊன்றி வளர்வதால் கரீபியக் கடலின் எல்க்ஹார்ன் பவளத்தில் ஒரே மரபணுத் தொகுதி 5,000 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்திருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே நுனியை வெட்டிக் காப்பாற்றியவர் ஒரு நினைவுப்பொருளை எடுத்துவைக்கவில்லை. பவளத்தின் சொந்தக் கணக்கின்படியே, அவர் பவளத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

கொலையின்றிப் பவளத்தைக் காக்க முடிந்திருந்தால் கேள்வி இவ்வளவோடு முடிந்திருக்கும். மான்கொம்புப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு ஒன்று உண்டு. பவளத்தின் நிறத்திலேயே இருந்து, கண்ணில் படாமல் திசுவை உண்டு, வெற்றெலும்பில் முட்டையிடும் அதை நீக்க, பவளத்தை மருந்துநீரில் முக்கி எடுக்க வேண்டும். முட்டைகள் மருந்துக்குச் சாகாதவை என்பதால், குஞ்சு பொரிக்கப் பொரிக்கத் திரும்பத் திரும்பக் கொல்ல வேண்டும். சமண மரபு புழுவை ஈரறிவு உயிராகவும் பவளத்தை ஓரறிவு உயிராகவும் கொள்வதால், கீழ்ப்படியைக் காக்க மேற்படியை அழிக்கும் செயலாகிறது இது. அதுவும் வேண்டுமென்றே செய்யும் கொலை, இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்ட வகை. 1760இல் தேராபந்தம் என்னும் சுவேதாம்பரப் பிரிவைத் தோற்றுவித்த ஆசாரிய பிக்ஷு, ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரை வருத்துவது உலகியல் இரக்கமாகலாம், ஆன்மிக அறமாகாது என்று வன்மையாகக் கூறினார். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும் அவர் கூற்றில் தட்டிக்கழிக்க முடியாத உண்மை உண்டு: புழுவுக்கும் தொட்டியே உலகம், அதைக் கொண்டுவந்தவரும் அதே மனிதர், ஆகவே கடன் என்ற வாதம் புழுவுக்கும் செல்லும். இந்த முரணை ஏதேனும் ஒரு தத்துவ நுணுக்கத்தால் கரைத்துவிடுவது நேர்மையாகாது. புதிய பவளத்தைத் தனித்தொட்டியில் பல வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்ப்பது கறையற்ற வழி; புழு நுழைந்த பிறகு கறையற்ற வழி ஒன்றும் எஞ்சுவதில்லை. பவளத்துக்காகப் புழுவைக் கொல்பவர் கடனின் ஒரு பகுதியைத் தீர்க்க இன்னொரு பகுதியைக் கைவிடுகிறார் என்று ஒப்புக்கொள்வதே பொருந்தும்.

வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் கடன் தீராதா என்று கேட்கலாம். பறவைகளையும் மீன்களையும் விலைக்கு வாங்கி விடுவித்துப் புண்ணியம் தேடும் வழக்கம் கிழக்காசியப் பௌத்தரிடையே உண்டு. பவளத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. தொட்டியில் பல கடல்களின் உயிர்கள் கலந்து வாழ்ந்திருப்பதால், திரும்பிச் செல்வது நோயையோ அயலினத்தையோ சுமந்து செல்லும். இந்தோ-பசிபிக் கடலுக்குரிய யூனோமியா என்னும் மென்பவளம் வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காக் கடலில் பரவி, அங்குள்ள கல்பவளங்களையும் கடற்புல்லையும் மூடிக்கொண்டதற்கு, அலங்காரத் தொட்டி வாணிகமே காரணம் என்று கருதப்படுகிறது. இந்தியாவில் கேள்வி இன்னும் முன்னதாகவே எழுகிறது: 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதால், கடலிலிருந்து அவற்றை எடுப்பதே குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டப்பட்டு, அங்குள்ள இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போன வரலாற்றுக்குப் பிறகு வந்த அந்தச் சட்டம், படக் கூடாத கடனைப் படாதே என்கிறது. அதுவே எல்லாவற்றிலும் தெளிவான அறம்.

காட்டுயிர்க்கு ஒரு நெறி, வளர்ப்புயிர்க்கு ஒரு நெறி என்று பாமர் பிரித்த எல்லையும் இப்போது கரைகிறது. கடல்நீரின் வெப்பத்தை மனிதர் எரிக்கும் கரி உயர்த்துமானால், கடலும் மனிதரைச் சார்ந்து நிற்கும் நீராகிவிடுகிறது; 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நான்காவது உலகளாவிய பவள வெளிறல் அதைத்தான் காட்டியது. ஃபுளோரிடாவில் 2014இல் மயாமி அருகே தோன்றிய திசு உரியும் நோய் பரவப் பரவ, இன்னும் நோய் எட்டாத பவளங்களை அதற்கு முந்திச் சென்று எடுத்து, கடலே இல்லாத மாநிலங்களின் உயிரியல் பூங்காக்களிலும் காட்சியகங்களிலும் தொட்டிகளில் காத்துவருகின்றனர். 2023இன் கோடை வெப்பத்தில் கடலடி நாற்றங்கால்களிலிருந்த துண்டுகள் அவசரமாகக் கரைத்தொட்டிகளுக்குக் கொண்டுவரப்பட்டன. வீட்டுத் தொட்டிக்காரர் காரத்தன்மை, ஒளி, வெட்டு, பசை என்று பல பத்தாண்டுகளில் கற்ற கைத்திறன் பெருமளவு அந்தத் தொட்டிகளின் கைத்திறனுமாகும். கடனின் அளவுதான் அங்கே பெரிது: ஒரு கிளைக்குப் பதில் ஒரு கடற்கரையின் பவளம் முழுவதும்.

அங்கே எழுந்துள்ள கேள்வி முன்னதைவிடக் கடினமானது. 2025 ஜூலையில் மயாமி அருகே கடலில் நடப்பட்ட எல்க்ஹார்ன் குஞ்சுகளுக்கு ஒரு பெற்றோர் ஃபுளோரிடாவுடையது, மற்றது ஹோண்டுராஸின் டேலா விரிகுடாவில் வெப்பத்தைத் தாங்கி நின்றது. அவற்றை அந்தக் கடலின் பழைய பவளத் துண்டோடு அருகருகே வைத்தால் அவை ஒன்றாகா. ஒன்றையொன்று அயலாகவே அறியும். பவளத்தின் கணக்கின்படி இது காப்பாற்றுதல் ஆகாது, வேறொன்றை உண்டாக்குதல். அப்படியிருந்தும் அதைச் செய்பவர் பக்கமே நியாயம் இருக்கிறது. வெப்பத்தை உயர்த்தியவர் தாம் அழித்ததை அதே வடிவில் தர இயலாதபோது, பிழைக்கக் கூடியதைத் தருவது கடனிலிருந்து அவரை விடுவிக்காது என்றாலும் அதைத் தராதிருக்க அவருக்கு உரிமை இல்லை. எந்தப் பெற்றோரை இணைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையும் இப்போது அவர் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டுத் தொட்டியின் முன் நிற்பவருக்கு வேண்டிய நிதானம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்த்திருக்கும் அந்த நிதானம், அங்கே பல மடங்கு வேண்டியிருக்கிறது. கடல் சூடேறும் வேகமோ அதற்குப் போதிய காலம் தருவதாக இல்லை.